கண் ஃபோல்டர்

பலம் என்று ஒரு கட்டம். அதன் கீழே பலவீனம் என்று ஒரு கட்டம். அதற்கும் கீழே, இன்னும் ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று ஒரு கட்டம். கேட்டிருப்பது ஆங்கிலத்தில், நான் பதறுவது தமிழில். பலத்துக்கு இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள், பலவீனத்துக்கு நான்கு. இந்தத் தாளைத் தயாரித்த புண்ணியவான் எங்கள் கல்லூரி அலுவலகத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கச் சென்னையிலிருந்து வந்து உள்ளே செமினார் ஹாலில் உட்கார்ந்திருக்கும் டிசைன் கம்பெனிக்காரர்கள் இப்படி ஒரு எழுத்துருவைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். மூன்றாவது கோடு வலது பக்கம் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. வராந்தாவில் இருக்கும் இருபத்திரண்டு பேரில் யாருக்கும் அது தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது, தெரிந்த பிறகு வேறெதுவும் கண்ணில் விழ மாட்டேன் என்கிறது. இதையே பலம் என்று எழுதலாமா. நுணுக்கமாகப் பார்ப்பேன். போன வருடம் வேலை கிடைத்துப் போன சீனியர்கள் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் எழுதினார்களாம். எழுதிவிட்டேன். எழுதி முடித்த பேனாவை எடுக்கும்போதுதான் செல்போன் மடியில் அதிர்ந்தது, நான் வேலை பார்க்கும் கடை அண்ணாச்சியின் வாய்ஸ் மெசேஜ், அதைக் காதோடு ஒட்டிக் கேட்டேன், கேட்டதிலிருந்து பேனா பலவீனத்துக்கு மேலேயே நிற்கிறது. என் எண் பதினேழு. இப்போது ஒன்பது உள்ளே இருக்கிறது. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் நாற்பது நிமிடம்.

"ஏ இசக்கி, தங்கபுஷ்பம்னு ஒரு அம்மா படம் போன வருசம் போட்டோம்லா, கண்ணு மூடி இருந்துச்சே, நீதான தொறந்துவிட்ட. அதுக்கு முதலாமாண்டு நினைவு நாள் வருதாம். மவ ஜெயராணி வந்து கடைல உக்காந்திருக்கு. போஸ்டர்ல போட்ட படம் வேண்டாமாம். நீ கை வைக்கதுக்கு முன்னால இருந்துச்சே, கண்ணு மூடுன படம், அதான் வேணுமாம். சிஸ்டத்துல எங்க வச்சிருக்க? சீக்கிரம் சொல்லு பிள்ள, அது அழுதுகிட்டு இருக்கு." மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்றாவது முறை கேட்கும்போது அண்ணாச்சியின் குரலுக்குப் பின்னால் பிரிண்டர் ஓடும் சத்தமும், மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டன. கொம்பையா அண்ணாச்சியின் ஃப்ளெக்ஸ் கடை பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் இருக்கிறது. இரண்டு வருடமாகக் கல்லூரி விட்டதும் நேராக அங்கேதான் போகிறேன், லீவு நாளில் காலையிலேயே. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. மூன்றுக்கும் ஒரே நாற்காலி, ஒரே கம்ப்யூட்டர், ஒரே நான். கல்லூரியில் இதை யாருக்கும் சொல்வதில்லை. முதல் வருடம் நான் கொண்டுபோன ஒரு டிசைனில் எழுத்துக்குப் பின்னால் நிழல் விழுந்திருந்ததைப் பார்த்து ரமணன் சார், "மொதல்ல அந்த ஃப்ளெக்ஸ் கையக் கழுவிட்டு வாம்மா" என்றார். வகுப்பே சிரித்தது. கழுவினேன். பையில் இருக்கும் போர்ட்ஃபோலியோவில் இப்போது ஒரு நிழல் கிடையாது. இல்லாத காபிக் கடைக்கு ஒரு லோகோ, இல்லாத தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு லேபிள், இல்லாத விமானக் கம்பெனிக்கு ஒரு டிக்கெட். அட்டையில் பெயர்கூட இசக்கியம்மாள் இல்லை, இசை. நான் செய்து நாலு பேர் நின்று பார்த்த ஒரு வேலைகூட அதற்குள் இல்லை.

நின்று பார்த்தார்கள், அது உண்மை. சாவு போஸ்டருக்கு நேரம் கொடுக்க மாட்டார்கள். காலையில் இறந்தால் மத்தியானத்துக்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும். வருகிறவர்கள் கல்யாண ஆல்பத்தை அப்படியே போட்டோ பிடித்து அனுப்புவார்கள், ரேஷன் கார்டை அனுப்புவார்கள், கூட்டத்தில் நாலாவதாக நிற்பவர்தான் இறந்தவர் என்பார்கள். தலையை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். அதற்கென்று கடை சிஸ்டத்தில் ஃபோல்டர்கள் உண்டு. வெள்ளைச் சட்டை ஃபோல்டர், கோட்டு ஃபோல்டர், பட்டுப்புடவை ஃபோல்டர், மாலை ஃபோல்டர். உடம்பை அதில் எடுத்துத் தலையைப் பொருத்துவோம். அப்புறம் கண் ஃபோல்டர். ஆண் கண் முப்பது, பெண் கண் பதினாறு. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சேர்த்து வைத்தது. யார் யாருடைய கண்களோ, பழைய காலண்டர் படங்களில் இருந்தும் பத்திரிகைகளில் இருந்தும் எடுத்தவை. போட்டோவில் கண் சிமிட்டியவர்களுக்கு அதிலிருந்து ஒரு ஜோடி எடுத்துப் போடுவோம். முதல் நாள் அதைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள். செத்தவர் யாரையும் பார்க்காமல் மத்தியானம் சாப்பிடும் இடத்தில். இதை எழுதினால் உள்ளே விடுவார்களா.

தங்கபுஷ்பத்துக்கு அந்தப் பதினாறில் ஒரு கண்ணும் சேரவில்லை. படத்தை அனுப்பியது மருமகன். வாட்ஸ்அப்பில் வந்தது, ஏதோ வீட்டு விசேஷத்தில் எடுத்தது. அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கண் மூடியிருந்தது, வாய் திறந்து பல் தெரிந்தது. செத்தவர்கள் பல்லைக் காட்டக் கூடாது, அது அண்ணாச்சி கடையின் முதல் சட்டம். பார்க்கிறவர்கள் துஷ்டி வீட்டில் என்ன இளிப்பு என்பார்களாம். ஆகவே வாயை மூட வேண்டும், கண்ணைத் திறக்க வேண்டும். மருமகன் கடை வாசலில் நின்றுகொண்டு, "இருக்கது இந்த ஒரு படந்தாம்மா, இதுலயும் கண்ண மூடிருக்காவ, எப்பிடியாச்சும் தொறந்து விட்ரு" என்று இரண்டு முறை சொன்னார். ஃபோல்டரில் இருந்த கண்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். மை தீட்டிய நடிகைக் கண்கள் எல்லாம் அந்த முகத்தில் உட்கார மாட்டேன் என்றன. மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கிறார், மருமகன் என்னைப் பார்க்கிறார். நான் செல்போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போய், வெளிச்சம் மேலிருந்து விழும் இடமாகப் பார்த்து நின்று, என் கண்களையே போட்டோ எடுத்தேன். வெள்ளையைக் கொஞ்சம் மஞ்சளாக்கினேன், இமையைத் தொங்கவிட்டேன், ஓரத்தில் சுருக்கம் வைத்தேன். பொருந்திவிட்டது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. மருமகன் திரையைப் பார்த்துவிட்டு, "அத்தையே தான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்குப் போய் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம்கூடச் சொன்னேன். அம்மா இலையில் இருந்து தலையை எடுக்காமல், "செத்தவளுக்கு ஒன் கண்ணையா வச்ச, கிறுக்கி" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு போகும் வழி முழுக்க ஒட்டியிருந்தார்கள். ஒரு வாரம் நான் கல்லூரிக்குப் போகும்போதெல்லாம் நான் என்னைப் பார்த்தேன். டீக்கடைச் சுவரில் பார்த்தேன், டிரான்ஸ்பார்மர் பெட்டியில் பார்த்தேன், ஒரு பள்ளிக்கூடச் சுவரில் வரிசையாக நாலு முறை பார்த்தேன். பிறகு மழை பெய்து கிழிந்தது, ஒரு இடத்தில் மட்டும் கண்கள் மாத்திரம் மிச்சமிருந்து அதன் மேல் டியூஷன் சென்டர்க்காரன் நோட்டீஸ் ஒட்டினான். முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது. கண் மூடின படம்தான் வேணுமாம். பத்து உள்ளே போகிறது, ஒன்பது வெளியே வருகிறான், என்ன கேட்டார்கள் என்று எல்லாரும் அவனை மொய்க்கிறார்கள். என்ன கேட்டார்கள். நீ செய்ததிலேயே உனக்குப் பெருமையான வேலை எது என்று கேட்டார்களாம். எல்லாரும் தாளைப் புரட்டுகிறார்கள். அந்தப் படம் இருக்கிறதா இல்லையா. இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும், எந்த மடையனும் மூலப் படத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் கை வைப்பான், கல்லூரியில் முதல் வாரம் சொல்லித் தருவதே அதுதான். நான் எடுத்தேனா. அன்றைக்கு ஒரு மணி. ஒன்றின் மேல் ஒன்றாக லேயர் கூடினால் கடை கம்ப்யூட்டர் திணறும், அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு சேவ் கொடுப்பது பழக்கம். வேறு பெயரில் சேவ் கொடுக்க கீபோர்டில் மூன்று விரல் வேண்டும், அதே பெயரில் கொடுக்க இரண்டு விரல் போதும், பழைய படம் போய்விடும். என் இடது கையைப் பார்க்கிறேன். எத்தனை விரல் அழுத்தியது. இந்தக் கைக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறது.

பென்டிரைவ் பையில் இருக்கிறது. கடை வேலையில் எனக்குப் பிடித்ததை எல்லாம் ஃபோல்டரோடு அப்படியே அதில் போட்டு வைத்திருக்கிறேன், யாருக்கும் காட்டுவதற்கு இல்லை, சும்மா. பக்கத்தில் ஷர்மிளா பானுவின் மடியில் லேப்டாப் திறந்திருக்கிறது. ஒரு நிமிடம் தா என்றால் தருவாள். கேட்காத வரைக்கும் அந்தப் படம் இருக்கிறது. பதினொன்று உள்ளே போய், பன்னிரண்டும் போன பிறகுதான் கேட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் கொடுத்தாள். தங்கபுஷ்பம் என்று ஒரே ஒரு கோப்பு. திறந்தேன். என் கண்கள் என்னைப் பார்த்தன. அவ்வளவுதான். மருமகன் போனில் இருந்தால் மகள் கடைக்கு வந்தே இருக்க மாட்டாள், அண்ணாச்சி கடை வாட்ஸ்அப்பை வாரா வாரம் துடைத்துவிடுவார். உலகத்தில் அந்தப் படம் ஒன்றே ஒன்று இருந்தது, அதன் மேல் நான் என்னை ஏற்றி சேவ் கொடுத்துவிட்டேன். பலவீனம், நான்கு கோடு. இப்போது எழுதலாம். பேனாவை மூடிவிட்டேன். ஷர்மிளா எட்டிப் பார்த்து, "யாருடி இது, உங்க பெரியம்மாவா? ஒன்ன மாதிரியே இருக்காங்க" என்றாள்.

அப்புறம் அந்த யோசனை வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான், அழுகை வருவதற்கு முன்னால் வழி வந்துவிடும். திறந்த கண்ணை மூட எவ்வளவு நேரமாகும். போன முறை செய்ததையே திருப்பிச் செய்தால் போயிற்று. இமை மூடிய ஒரு படம் வேண்டும், அவ்வளவுதானே. மதியத்துக்குள் முடித்து அனுப்பிவிடலாம், யாருக்குத் தெரியும், அழுதுகொண்டிருக்கும் ஒரு மகள் பிக்சலை எண்ணவா போகிறாள். செல்போனைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்து, வராந்தாவில் அத்தனை பேருக்கும் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்தேன். "என்னடி பண்ற, எல்லாரும் பாக்காங்க" என்று ஷர்மிளா இடித்தாள். எடுத்ததைப் பார்த்தேன். தூங்குகிறவள் முகம். இல்லை, அந்தப் படத்தில் இமை இப்படி இருக்கவில்லை. இன்னொன்று எடுத்தேன். இறுக்கி மூடிப் பார்த்தேன், அதுவும் இல்லை. அதில் இமையைக் கீழிருந்து ஏதோ மேலே தள்ளிக்கொண்டிருந்தது. கன்னம். கன்னம் இரண்டும் மேலே ஏறியிருந்தன, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, என் கண்ணை வைக்க இடமில்லாமல் அந்தக் கன்னங்களை நான்தான் கீழே இறக்கினேன், அரை மணி நேரம் அதற்கே போனது. ஏன் ஏறியிருந்தன. பல் தெரிந்தது, வாய் திறந்திருந்தது, கன்னம் ஏறியிருந்தது, கண் மூடியிருந்தது. நான்கு தவறு என்று நான்கையும் சரி செய்தேன். நுணுக்கமாகப் பார்ப்பேனாம். அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் நானூறு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன், ஒரு மனுஷி வாய்விட்டுச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

எழுந்து மாடிப்படிப் பக்கம் வந்தேன். தாளை அங்கேயே வைத்துவிட்டேன் போலிருக்கிறது. பதினைந்து உள்ளே போயிருக்கிறது, இன்னும் பத்து நிமிடம் இருக்கும், அல்லது இருக்காது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். இப்போது போன் செய்தால் அழுகை வரும், அழுத முகத்தோடு உள்ளே போனால் கம்பெனிக்காரர்கள் என்ன நினைப்பார்கள், அம்மா காலையில் இலை நறுக்கும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வாசல் வரை வந்து நின்றாளே, அவளிடம் என்ன சொல்வேன். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். சாயங்காலம் சொன்னால் என்ன, படம் இன்றைக்கு இல்லாதது சாயங்காலமும் இருக்கப்போவதில்லை. ஆனால் அந்த மூக்கு உறிஞ்சும் சத்தம். சாயங்காலம் வரை அது கடைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். அண்ணாச்சியின் எண்ணை அழுத்தினேன். "என்ன பிள்ள, கெடச்சிட்டா?" என்றார். அவங்ககிட்ட குடுங்க அண்ணாச்சி என்றேன்.

"அக்கா, நான்தான் அம்மா படத்தச் செஞ்சது."

"நீதானா தாயி. குத்தமா நெனைக்காத. நல்லாத்தான் செஞ்சிருந்த. ஆனா ஒரு வருசமா மாட்டி வச்சிருக்கோம், யாரோ பாக்குற மாதிரியே இருக்கு. எம் மவ சின்னவ அந்தப் பக்கம் படுக்க மாட்டேங்கா. அன்னைக்கு நான் இருந்த இருப்புல எதையும் பாக்கல. இப்பதான் எங்க வீட்டுக்காரவுக சொன்னாவ, குடுத்தது அம்மா சிரிச்ச படமாம்லா. எங்கம்மா சிரிச்சா கண்ணு மூடிரும். அந்தப் படம் மட்டும் போதும்மா."

"அது இல்லக்கா" என்றேன். "நான் அது மேலயே சேவ் பண்ணிட்டேன். என் தப்பு. எங்க தேடினாலும் கெடைக்காது. அந்தக் கண்ணு அம்மாவோடது இல்ல, என்னோட கண்ணு. நான்தான் போட்டோ எடுத்து வச்சேன்."

அந்தப் பக்கம் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. திட்டுவாள், திட்டட்டும், போனைப் பிடுங்கி அண்ணாச்சி திட்டுவார், அதுவும் நல்லதுதான் என்று நின்றேன். எத்தனை பேரை இப்படிச் செய்திருப்பேன், எத்தனை வாயை மூடியிருப்பேன் என்ற பயம் அப்போதுதான் முழுதாக வந்தது. வராந்தாவில் ரமணன் சாரின் குரல், "பதினாறு வெளிய வந்தாச்சு. பதினேழு யாரு? இசக்கியம்மாள். இசக்கியம்மாள்."

"நீ பாத்தியா?" என்றாள் ஜெயராணி.

"எதக்கா?"

"அந்தப் படத்த. நான்தான் பாக்கல. நீ பாத்திருப்பேல்லா. எப்பிடிச் சிரிச்சா, சொல்லு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் இருந்தது. அழித்த ஒவ்வொன்றும் அழித்த வரிசையிலேயே இருந்தது. "தல கொஞ்சம் பின்னால சாஞ்சிருக்கும்க்கா. வலது கண்ணு ஓரத்துல மூணு சுருக்கம், இடதுல ரெண்டுதான். வெத்தல போட்டிருந்தாங்க, கீழ் உதட்டுல செவப்பா இருந்துச்சு. மேல் வரிசையில இடது பக்கம் ஒரு பல்லு பக்கத்துப் பல்லு மேல ஏறியிருக்கும். அததான் மொதல்ல அழிச்சேன்."

"எனக்கும் அந்தப் பல்லு உண்டு" என்றாள். "இன்னும் சொல்லு."

ஷர்மிளா வராந்தா முனையில் நின்று என் தாளை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் ரமணன் சார். ஒரு விரலைக் காட்டினேன், ஒரு நிமிடம் என்று. யாருக்கு அது புரிந்ததோ. "ஓரத்துல ஒரு ஆம்பள முழங்கை இருந்துச்சுக்கா, அத வெட்டிட்டேன். அம்மா சேலைய ஒரு சின்னக் கை பிடிச்சிருந்துச்சு. கறுப்பு வளையல் போட்ட கை."

"அது சின்னவ. காதுகுத்துல ஆசாரி கையக் கடிச்சிட்டா. அதுக்குத்தான் அம்மா சிரிச்சிருக்கா." ஜெயராணி அழுதுகொண்டே சிரித்தாள், அந்தப் பல் எனக்குத் தெரிந்தது. "வேற? வேற என்ன இருந்துச்சு, ஒண்ணு விடாமச் சொல்லு."

இடது காதுக் கம்மல் திருகு பக்கம் முன்னால் வந்து திரும்பியிருந்தது. அதைச் சொன்னேன். வராந்தாவில் பதினெட்டைக் கூப்பிட்டார்கள்.